சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரி

சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரி (டிசம்பர் 10, 1878 - டிசம்பர் 25, 1972) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும், வழக்கறிஞரும், எழுத்தாளரும், அரசியல்வாதியும் ஆவார். இராஜாஜி என்ற பெயரிலேயே பரவலாக அறியப்படுகிறார். விடுதலை பெற்ற இந்தியாவின் தலைமை ஆளுநராகப் பதவி வகித்த ஒரே இந்தியர் இவரே. சென்னை மாகாணத்தின் பிரதமராக 1937 முதல் 1939 வரையும், சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக 1952 முதல் 1954 வரையும் ஆட்சி செய்தார். இவற்றுள் இரண்டாவது ஆட்சி, காங்கிரசுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்காத நிலையில் பிற கட்சியினர், சுயேச்சைகள் ஆகியோரின் துணையுடன் அமைந்ததாகும். எதிர்க்கட்சிகளின் தாக்குதலைத் தாங்கி நின்ற அவ்வாட்சி, சொந்தக் கட்சிக்குள் எழுந்த எதிர்ப்பினால் இரண்டு ஆண்டுகளில் முடிவுக்கு வந்தது.

பிறப்பும் கல்வியும்

இராஜாஜி அன்றைய சேலம் மாவட்டத்தில், ஓசூருக்கு அருகில் உள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். இவ்வூர் இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. தந்தை வெங்கடராய ஐயங்கார், தாய் சிங்காரம்மா. தந்தை அவ்வூரின் முன்சீப்பாகப் பணியாற்றியவர். இராஜாஜி தொடக்கக் கல்வியைத் தொரப்பள்ளியிலும் ஓசூரிலும் பயின்றார். பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பட்டம் பெற்று, பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் சட்டம் படித்தார். 1900 ஆம் ஆண்டு சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கி, விரைவில் அந்நகரின் முன்னணி வழக்கறிஞர்களுள் ஒருவரானார்.

1897 இல் அலமேலு மங்கம்மாவை மணந்தார். இவர்களுக்கு மூன்று மகன்களும் இரண்டு மகள்களும் பிறந்தனர். மனைவி இளம் வயதிலேயே இறந்துவிட, இராஜாஜி மறுமணம் செய்துகொள்ளவில்லை. இளைய மகள் லட்சுமி, மகாத்மா காந்தியின் மகன் தேவதாஸ் காந்தியை 1933 இல் மணந்தார். 1911 இல் சேலம் நகராட்சி உறுப்பினராகவும், 1917 முதல் 1919 வரை அதன் தலைவராகவும் இராஜாஜி பொறுப்பு வகித்தார்.

விடுதலைப் போராட்டத்தில் பங்கு

1919 இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்துப் பரப்புரை செய்யச் சென்னை வந்த காந்தி, இராஜாஜியின் வீட்டில் தங்கினார். அது முதல் இருவருக்கும் நெருங்கிய நட்பு ஏற்பட்டது. ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும் இராஜாஜி வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டார். 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச்சு வரை வேலூர்ச் சிறையில் இருந்தார். அப்போது எழுதிய நாட்குறிப்பு பின்னர் நூலாக வெளிவந்தது.

காந்தி சிறையில் இருந்த 1922 ஆம் ஆண்டில், சட்டமன்றங்களுக்குள் நுழையலாமா கூடாதா என்ற கேள்வி காங்கிரசை இரண்டாகப் பிரித்தது. நுழைய வேண்டும் என்று சித்தரஞ்சன் தாசும் மோதிலால் நேருவும் வாதிட்டனர். கூடாது என்ற அணிக்கு இராஜாஜி தலைமை ஏற்றார். கயா மாநாட்டில் இராஜாஜியின் அணியே வென்றது.

1925 இல் திருச்செங்கோட்டுக்கு அருகில் காந்தி ஆசிரமத்தை நிறுவி, கதர்ப் பணி, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகியவற்றில் ஈடுபட்டார். மதுவிலக்குக்காக விமோசனம் என்ற இதழை நடத்தினார். கல்கி கிருஷ்ணமூர்த்தி இதில் இவருடன் பணியாற்றினார். 1930 ஏப்ரலில் சுமார் 100 தொண்டர்களுடன் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து சென்று உப்புச் சட்டத்தை மீறிக் கைதானார்.

சென்னை மாகாணப் பிரதமர்

1937 தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 159 இடங்களைக் காங்கிரஸ் கைப்பற்றியது. அவ்வாண்டு சூலை 14 ஆம் நாள் இராஜாஜி மாகாணப் பிரதமராகப் பொறுப்பேற்றார். சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அதனால் ஏற்பட்ட வருவாய் இழப்பை ஈடுசெய்ய விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. விவசாயிகளின் கடன் சுமையைக் குறைக்கும் சட்டம் 1938 இல் நிறைவேறியது. பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது கடும் எதிர்ப்புக்கு உள்ளானது. பெரியார் ஈ. வெ. இராமசாமி, மறைமலை அடிகள் முதலியோர் அந்த எதிர்ப்பில் முன்னின்றனர். சிறை சென்ற நடராசன், தாளமுத்து ஆகிய இருவரும் 1939 இல் இறந்தனர். இராஜாஜி பதவி விலகிய பின் 1940 பிப்ரவரியில் இக்கட்டாயம் நீக்கப்பட்டது.

1939 சூலை 8 ஆம் நாள் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் நுழைந்து வழிபட்டனர். அவ்வாறு சென்றவர்களுள் மேலூரை அடுத்த தும்பைப்பட்டியைச் சேர்ந்த பூ. கக்கனும் ஒருவர். இதற்கு ஒத்துழைத்த கோயில் அலுவலர்கள் மீது வழக்குத் தொடரப்படலாம் என்ற நிலையில், அவர்களைக் காக்கும் வகையில் இராஜாஜி அரசு அவசரச் சட்டம் பிறப்பிக்கச் செய்தது. பின்னர் அது அவ்வாண்டே முறையான சட்டமாக்கப்பட்டது. கக்கனின் பெயர் இராஜாஜியின் பிற்கால அரசியலிலும் இடம்பெறுகிறது.

இந்தியாவைக் கேட்காமலே அதனை இரண்டாம் உலகப் போரில் ஈடுபடுத்தியதைக் கண்டித்துக் காங்கிரஸ் அமைச்சரவைகள் விலகியபோது, 1939 அக்டோபர் இறுதியில் இராஜாஜியும் பதவி விலகினார்.

கட்சியுடன் பிளவு

தமிழ்நாடு காங்கிரஸ் கட்சியில் நீண்ட காலமாக இராஜாஜி அணி, சத்தியமூர்த்தி அணி என இரண்டு அணிகள் இருந்தன. 1940 இல் நடைபெற்ற மாநிலக் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் சத்தியமூர்த்தி அணியைச் சேர்ந்த காமராசர் 103 வாக்குகளும், இராஜாஜியின் ஆதரவு பெற்ற சி. பி. சுப்பையா 100 வாக்குகளும் பெற்றனர். இந்த மூன்று வாக்கு வேறுபாடு, அடுத்த பல ஆண்டுகளுக்குக் கட்சி அமைப்பைக் காமராசரின் கைக்குக் கொண்டு சென்றது.

1942 இல் முசுலிம் லீகின் பாகிசுத்தான் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்று அக்கட்சியுடன் உடன்பாடு காண வேண்டும் என்று இராஜாஜி வலியுறுத்தினார். அகில இந்தியக் காங்கிரஸ் குழு இதனை 120க்கு 15 என்ற வாக்கு வேறுபாட்டில் நிராகரித்தது. இராஜாஜி காரியக் குழுவிலிருந்தும், பின்னர் கட்சியிலிருந்தும் சட்டமன்றத்திலிருந்தும் விலகினார். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை அவர் ஆதரிக்கவில்லை. பெரும்பாலான காங்கிரசார் சிறையில் இருந்த அக்காலத்தில் அவர் வெளியில் இருந்தது, தொண்டர்கள் பலரின் மனத்தில் ஆறாத வடுவாக நிலைத்தது.

1945 இல் இராஜாஜி மீண்டும் கட்சிக்குள் வந்தபோது, மதுரைக்கு அருகில் உள்ள திருப்பரங்குன்றத்தில் கூடிய தமிழ்நாடு காங்கிரஸ் மாநாட்டில் அதற்கு எதிர்ப்பு வெளிப்பட்டது. 1946 தேர்தலுக்குப் பின் அகில இந்தியத் தலைமை இராஜாஜியை மாகாணப் பிரதமராக்க விரும்பியும், சட்டமன்றக் காங்கிரஸ் கட்சி அதற்கு இணங்கவில்லை. ஆந்திரத் தலைவர் த. பிரகாசம் பிரதமரானார். ஓராண்டுக்குள், 1947 மார்ச்சில், அவரும் சொந்தக் கட்சியினரின் எதிர்ப்பால் பதவி இழக்க, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் பிரதமரானார். சட்டமன்றக் கட்சி தன் தலைவரைத் தானே மாற்றும் வழக்கம் சென்னையில் இவ்வாறு 1954க்கு முன்னரே ஏற்பட்டிருந்தது.

ஆளுநராகவும் தலைமை ஆளுநராகவும்

1946 செப்டம்பரில் அமைந்த இடைக்கால அரசில் இராஜாஜி அமைச்சரானார். விடுதலைக்குப் பின் மேற்கு வங்காளத்தின் முதல் ஆளுநராகவும், 1948 சூன் 21 முதல் 1950 சனவரி 26 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராகவும் பதவி வகித்தார். இந்தியா குடியரசானதும் தலைமை ஆளுநர் பதவி ஒழிந்தது. பின்னர் நடுவண் அமைச்சரவையில் இணைந்து, வல்லபாய் பட்டேலின் மறைவுக்குப் பின் உள்துறை அமைச்சராக இருந்தார். 1951 இறுதியில் அப்பொறுப்பிலிருந்து விலகிச் சென்னை திரும்பினார். அப்போது அவருக்கு வயது 73.

1952 தேர்தலும் ஆட்சி அமைப்பும்

விடுதலைக்குப் பின் நடந்த முதல் பொதுத் தேர்தலில் சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்கு 375 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஆட்சி அமைக்க 188 பேர் தேவை. காங்கிரஸ் 152 இடங்களை மட்டுமே பெற்றது. பொதுவுடைமைக் கட்சி 62, பிரகாசத்தின் கிசான் மசுதூர் பிரசா கட்சி 35, உழைப்பாளர் கட்சி 19, கிருசிகார் லோக் கட்சி 15, சோசலிசக் கட்சி 13, காமன்வீல் கட்சி 6, முசுலிம் லீக் 5 என இடங்கள் சிதறின. சுயேச்சைகள் 62 பேர் வென்றிருந்தனர். முதலமைச்சர் பூ. ச. குமாரசாமி ராஜா உட்படப் பல அமைச்சர்கள் தோல்வியடைந்தனர். மதுரை வடக்குத் தொகுதியில் பொதுவுடைமைக் கட்சியின் பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தவாறே வெற்றி பெற்றார். அதே வேளையில் மதுரை இரட்டை உறுப்பினர் மக்களவைத் தொகுதியில் காங்கிரஸ் சார்பில் கக்கன் வென்று நாடாளுமன்றம் சென்றார்.

காங்கிரஸ் அல்லாத கட்சிகள் பிரகாசம் தலைமையில் ஐக்கிய சனநாயக முன்னணியை அமைத்து, 166 உறுப்பினர்களின் ஆதரவு இருப்பதாக உரிமை கோரின. பொதுவுடைமைக் கட்சி பங்குபெறும் அரசு அமையக்கூடும் என்ற அச்சம் காங்கிரஸ் வட்டாரத்தில் எழுந்தது. இந்நெருக்கடியைச் சமாளிக்கத்தக்கவர் இராஜாஜி ஒருவரே என்று, காமராசர் உள்ளிட்ட அவரது பழைய எதிர் அணியினரும் ஏற்றுக்கொண்டனர்.

இராஜாஜி தேர்தலில் நிற்கவில்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரைச் சட்ட மேலவையின் நியமன உறுப்பினராக்கி, ஆட்சி அமைக்க அழைத்தார். 1952 ஏப்ரல் 10 ஆம் நாள் இராஜாஜி முதலமைச்சரானார். மக்களால் தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் நியமனத்தின் மூலம் முதலமைச்சரானது கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. இந்நியமனத்தை எதிர்த்துப் பி. ராமமூர்த்தி சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு தள்ளுபடி செய்யப்பட்டது.

பின்னர் இராஜாஜி பெரும்பான்மையைத் திரட்டும் பணியில் இறங்கினார். வட ஆற்காட்டில் செல்வாக்குப் பெற்றிருந்த காமன்வீல் கட்சியின் தலைவர் மா. அ. மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரவையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். இக்கட்சி தேர்தலின்போது திராவிட முன்னேற்றக் கழகத்தின் ஆதரவைப் பெற்றிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. கிருசிகார் லோக் கட்சி, முசுலிம் லீக், சுயேச்சைகள் ஆகியோரின் ஆதரவும் கிடைத்தது. எதிர்க்கட்சிகளிலிருந்து சிலர் காங்கிரசில் இணைந்தனர். 1952 சூலை 3 ஆம் நாள் நடைபெற்ற நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு ஆதரவாக 200 வாக்குகளும் எதிராக 151 வாக்குகளும் பதிவாயின.

ஆட்சியின் முதற்கட்டம்

இரண்டாம் உலகப் போர்க் காலம் முதல் நீடித்துவந்த உணவுப் பங்கீட்டு முறையை 1952 சூனில் இராஜாஜி நீக்கினார். நெல் தட்டுப்பாடு பெருகும் என்ற அச்சத்துக்கு மாறாகச் சந்தையில் அரிசி கிடைக்கத் தொடங்கியது. இந்நடவடிக்கை அரசுக்குப் பெரும் செல்வாக்கைத் தேடித் தந்தது. அவ்வாண்டு ஆகத்தில், தஞ்சை மாவட்டக் குத்தகை விவசாயிகளையும் பண்ணையாட்களையும் நிலத்திலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. காவிரிப் படுகையில் பொதுவுடைமை இயக்கத்தின் வளர்ச்சிக்கு எதிரான நடவடிக்கையாகவும் இது கருதப்பட்டது.

தனி ஆந்திர மாநிலம் கோரி உண்ணாநோன்பு இருந்த பொட்டி சிறீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று இறந்தார். 1953 அக்டோபர் 1 ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிரிந்தது. சென்னை நகரம் தமிழர் பகுதியிலேயே நீடித்தது. இப்பிரிவினை சட்டமன்றத்தின் கணக்கையும் மாற்றியது. பொதுவுடைமைக் கட்சியினரில் பெரும்பாலோர் ஆந்திரப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அவர்களும், பிரகாசத்தின் ஆதரவாளர்களும், கிருசிகார் லோக் கட்சியினரும் புதிய மாநிலத்துக்குச் சென்றனர். இராஜாஜியை அழைத்து வருவதற்குக் காரணமாக இருந்த அச்சம் இதனால் பெருமளவு நீங்கியது. அதே நேரத்தில் சென்னைக் காங்கிரசில் தமிழ்நாட்டு உறுப்பினர்களின் கை, அதாவது காமராசரின் கை, முன்னிலும் ஓங்கியது.

தொடக்கக் கல்வித் திட்டம்

1953 இல் இராஜாஜி அரசு திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தை அறிவித்து, சூன் மாதம் முதல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தியது. இதன்படி ஒரு நாளின் பள்ளி நேரம் இரண்டு வேளைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு மாணவர் ஒரு வேளை மட்டும், அதாவது மூன்று மணி நேரம், பள்ளிக்கு வந்தால் போதும். மீதி நேரத்தில் சிறுவர்கள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். சிறுமியர் தாயிடம் வீட்டு வேலைகளைக் கற்க வேண்டும்.

நிதிப் பற்றாக்குறையே இதற்கு முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டது. இருக்கும் கட்டிடங்களையும் ஆசிரியர்களையும் கொண்டு கூடுதலான குழந்தைகளுக்குக் கல்வி அளிக்க இயலும் என்றும், வயலிலும் தறியிலும் பெற்றோருக்கு உதவும் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்பது குறையும் என்றும் அரசு விளக்கியது. ஆனால் தந்தையின் தொழிலை மகன் கற்பது என்பது சாதித் தொழிலை நிலைநிறுத்துவதே ஆகும் என்று எதிர்ப்பாளர்கள் கருதினர். திட்டத்துக்குக் குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் வழங்கலாயிற்று. தலைமுறைகளாகக் கல்வி மறுக்கப்பட்ட குடும்பங்களின் முதல் பிள்ளைகள் பள்ளிக்கு வரத் தொடங்கிய காலம் அது என்பதால், பள்ளி நேரக் குறைப்பு அவர்களின் எதிர்காலத்தையே குறைப்பதாகப் பார்க்கப்பட்டது.

பெரியார் தலைமையில் திராவிடர் கழகம் மறியல்களையும் மாநாடுகளையும் நடத்தியது. திராவிட முன்னேற்றக் கழகம் 1953 சூலையில் மும்முனைப் போராட்டத்தை நடத்தியது. அதன் ஒரு முனையாக இராஜாஜியின் வீட்டின் முன் ஈ. வெ. கி. சம்பத் தலைமையில் மறியல் நடைபெற்றது.

சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு

இவ்வளவு பெரிய மாற்றம் சட்டமன்றத்தில் விவாதிக்கப்படாமல், கட்சிக்குள்ளும் போதிய கலந்தாய்வு நடத்தப்படாமல் நடைமுறைக்கு வந்திருந்தது. 1953 சூலை இறுதியில் சட்டமன்றத்தில் விவாதம் நடந்தபோது இதன் விளைவு தெரிந்தது. திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற எதிர்க்கட்சித் தீர்மானத்துக்கு ஆதரவாக 138, எதிராக 138 என வாக்குகள் சமமாக விழுந்தன. சபாநாயகர் ஜெ. சிவசண்முகம் பிள்ளை தமது வாக்கை அரசுக்கு ஆதரவாக அளித்ததால் தீர்மானம் தோற்றது. திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவின் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்ற மற்றொரு தீர்மானம் 139க்கு 137 என்ற கணக்கில் நிறைவேறியது. ஓராண்டுக்கு முன் நம்பிக்கை வாக்கெடுப்பில் 200 வாக்குகள் பெற்ற அரசுக்கு இது பெரும் பின்னடைவாகும்.

ஆகத்தில் அமைக்கப்பட்ட பருலேகர் குழு, நவம்பரில் அளித்த அறிக்கையில் திட்டத்துக்கு ஆதரவான கருத்தைத் தெரிவித்தது. இதன் அடிப்படையில் இராஜாஜி திட்டத்தைத் தொடர்வதில் உறுதியாக இருந்தார்.

உட்கட்சி எதிர்ப்பும் பதவி விலகலும்

காங்கிரஸ் சட்டமன்றக் கட்சிக்குள் எதிர்ப்பை டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு முன்னின்று வெளிப்படுத்தினார். விடுதலைப் போராட்ட காலத்தில் சேரன்மாதேவி குருகுலத்தில் நிலவிய சாதி வேறுபாட்டை எதிர்த்துக் கிளர்ந்தவர் இவர் என்பது குறிப்பிடத்தக்கது. கிராமப்புறத் தொகுதிகளைச் சேர்ந்த உறுப்பினர்கள், இத்திட்டத்தின் பொறுப்பு தங்கள் தலையில் விழும் என்றும், அடுத்த தேர்தலில் திராவிட இயக்கத்தினர் இதையே கருவியாக்குவர் என்றும் அஞ்சினர். கட்சி அமைப்பின் தலைமையில் இருந்த காமராசரும் திட்டத்தை ஏற்கவில்லை.

1953 இன் இறுதி மாதங்களில் எழுந்த எதிர்ப்பை இராஜாஜி சமாளித்தார். 1954 தொடக்கத்தில் அது தலைமை மாற்றக் கோரிக்கையாக வளர்ந்தது. திட்டத்தைக் கைவிட்டிருந்தால் அவர் பதவியில் நீடித்திருக்கக்கூடும். ஆனால் அவர் அதற்கு உடன்படாமல், 1954 மார்ச்சு இறுதியில் உடல்நிலையைக் காரணம் காட்டிப் பதவி விலகும் முடிவை அறிவித்தார்.

மார்ச்சு 30 ஆம் நாள் சட்டமன்றக் காங்கிரஸ் கட்சியின் தலைவர் தேர்தல் நடைபெற்றது. இராஜாஜியின் அணி சார்பில் நிதி மற்றும் கல்வித் துறைகளைக் கவனித்துவந்த சி. சுப்பிரமணியம் நின்றார். காமராசர் 93 வாக்குகளும் சுப்பிரமணியம் 41 வாக்குகளும் பெற்றனர். ஏப்ரல் 13 அன்று காமராசர் முதலமைச்சரானார்.

புதிய அமைச்சரவையில் காமராசரையும் சேர்த்து எட்டுப் பேர் இருந்தனர். எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியமும், அவரை முன்மொழிந்த மீ. பக்தவத்சலமும் அதில் இடம்பெற்றனர். காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் தொடர்ந்து அமைச்சராக இருந்தார். உழைப்பாளர் கட்சியின் எஸ். எஸ். இராமசாமி படையாட்சியார் புதிதாகச் சேர்க்கப்பட்டார். மே 18 ஆம் நாள், கல்வித் திட்டம் கைவிடப்படுவதாகக் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியமே அறிவித்தார். மக்களவை உறுப்பினராக இருந்த காமராசர், மேலவை நியமனத்தை நாடாமல் குடியாத்தம் இடைத்தேர்தலில் போட்டியிட்டு வென்றார். முதலமைச்சரான பின் அவர் விட்ட மாநிலக் காங்கிரஸ் தலைவர் பொறுப்புக்கு, மதுரை மக்களவை உறுப்பினராக இருந்த தும்பைப்பட்டி கக்கன் வந்தார். இராஜாஜியின் முதல் ஆட்சியில் கோயிலுக்குள் நுழைந்து வழிபட்டவர், அவருடைய இரண்டாம் ஆட்சி முடிந்தபோது கட்சியின் மாநிலத் தலைவரானார்.

வீழ்ச்சிக்கான காரணங்கள்

1954 மாற்றத்தில் கவனிக்கத்தக்கது, அரசுக்கு ஆதரவு தந்த பிற கட்சிகள் எவையும் அதனைக் கவிழ்க்கவில்லை என்பதாகும். காமன்வீல் கட்சி ஆட்சியிலேயே நீடித்தது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை. முதலமைச்சர் மாறியதற்கு முதன்மைக் கட்சியின் உட்பூசலே காரணம்.

இதன் வேர் 1952 இல் ஆட்சி அமைந்த முறையிலேயே இருந்தது. இராஜாஜிக்குச் சொந்தத் தொகுதி இல்லை. கட்சி அமைப்பும் அவர் பக்கம் இல்லை. அவரைத் தேர்ந்தெடுத்த பலர், வேறு வழியின்மையால் அவரை ஏற்றவர்கள். அவரது வலிமை எதிர்க்கட்சிகளைப் பிரித்து அரசுக்குப் பெரும்பான்மை சேர்க்கும் திறனில் இருந்தது. ஆந்திரம் பிரிந்த பின் அத்திறனுக்குத் தேவை குறைந்தது. உறுப்பினர்களைக் கலந்து பேசாமல் கொண்டுவந்த ஒரு திட்டம், பழைய அணிப்பூசலையும் கொள்கை எதிர்ப்பையும் ஒன்று சேர்த்தது. திட்டத்தை உண்மையாகவே எதிர்த்தவர்களும், இராஜாஜியை மாற்ற வாய்ப்புப் பார்த்திருந்தவர்களும் ஒரே அணியில் நின்றனர்.

இதே காலத்தில் ஆந்திர மாநிலத்தில் பிரகாசம் தலைமையில் அமைந்த கூட்டணி அரசு, மதுவிலக்குப் பிரச்சினையை ஒட்டி 1954 நவம்பரில் ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் வீழ்ந்தது. அங்கு ஆட்சி சட்டமன்றத்தில் தோற்றது. சென்னையில் அது கட்சிக் கூட்டத்தில் முடிவுற்றது. பின்னாளில் 1979 சூலையில் மொரார்ஜி தேசாயின் சனதா அரசும், சரண் சிங், ராஜ் நாராயண் ஆகியோரின் அணி கட்சிக்குள் ஏற்படுத்திய பிளவினால் பதவி விலக நேர்ந்தது. அந்த அரசு விலகிய பின் நாடு இடைக்காலத் தேர்தலைச் சந்தித்தது. சென்னையிலோ, மாற்றுத் தலைவர் ஒருவர் ஆயத்தமாக இருந்ததாலும், தோற்ற அணியினருக்கும் அமைச்சரவையில் இடம் தரப்பட்டதாலும் ஆட்சி தொடர்ந்தது.

பிற்கால அரசியல்

1954 இல் பாரத ரத்னா விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது இராஜாஜி அதனைப் பெற்றார். 1957 இல் காங்கிரசிலிருந்து விலகினார். அவருடைய ஆதரவாளர்கள் அவ்வாண்டுத் தேர்தலில் காங்கிரஸ் சீர்திருத்தக் குழு என்ற பெயரில் தனித்துப் போட்டியிட்டனர். கூட்டுறவுப் பண்ணை முறையையும் அரசுக் கட்டுப்பாடுகளையும் எதிர்த்து 1959 இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். அக்கட்சி 1962 மக்களவைத் தேர்தலில் 18 இடங்களையும், 1967 இல் 44 இடங்களையும் பெற்றது. அணு ஆயுதச் சோதனைகளைக் கைவிட வலியுறுத்தி 1962 இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியைச் சந்தித்தார்.

1937 இல் இந்தியைக் கட்டாயமாக்கிய இராஜாஜி, 1950களின் பிற்பகுதியிலிருந்து இந்தி மட்டும் ஆட்சிமொழி ஆவதை எதிர்த்தார். 1967 தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகத்துடன் சுதந்திராக் கட்சி கூட்டணி அமைத்தது. தம் ஆட்சிக்கு எதிராகத் தம் வீட்டின் முன் மறியல் செய்த இயக்கத்துடன் 14 ஆண்டுகளுக்குப் பின் அவர் கைகோத்தார். காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. விருதுநகரில் காமராசரும், மேலூர் தெற்குத் தொகுதியில் உள்துறை அமைச்சராக இருந்த கக்கனும் தோல்வியடைந்தனர். திராவிட முன்னேற்றக் கழகத்துக்குத் தனிப் பெரும்பான்மை கிடைத்ததால், சுதந்திராக் கட்சி அமைச்சரவையில் இடம்பெறவில்லை.

1971 தேர்தலில் இராஜாஜி, காமராசரின் பழைய காங்கிரசுடன் கூட்டுச் சேர்ந்தார். 31 ஆண்டுக்கால எதிர் அணியினர் இருவரும் ஒரே மேடையில் நின்ற அத்தேர்தலில் அவர்களது கூட்டணி தோல்வியுற்றது. அவ்வாண்டு மதுவிலக்கைத் தளர்த்த மு. கருணாநிதி அரசு முடிவு செய்தபோது, முதலமைச்சரின் இல்லத்துக்கே நேரில் சென்று அதனைக் கைவிடுமாறு வேண்டினார். அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை.

எழுத்துப் பணி

இராஜாஜி தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். மகாபாரதக் கதையை வியாசர் விருந்து என்ற பெயரிலும், இராமாயணக் கதையைச் சக்கரவர்த்தித் திருமகன் என்ற பெயரிலும் எளிய தமிழில் எழுதினார். சக்கரவர்த்தித் திருமகன் 1958 இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. சிறுகதைகளும், உபநிடதம், பகவத் கீதை பற்றிய விளக்க நூல்களும் எழுதியுள்ளார். எம். எஸ். சுப்புலட்சுமி பாடிப் புகழ்பெற்ற குறை ஒன்றும் இல்லை என்ற பாடல் இவர் இயற்றியது.

மறைவு

1972 டிசம்பரில் உடல்நலம் குன்றிச் சென்னை அரசு பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட இராஜாஜி, டிசம்பர் 25 ஆம் நாள் தமது 94 ஆம் வயதில் காலமானார். தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீடு நினைவு இல்லமாகப் பராமரிக்கப்படுகிறது.